பச்சையப்பன் கல்லூரியிலிருந்து கோட்டைக்கு

வள்ளியூர் வட்டாரத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1990-இல் உருவானபோது, தமிழகக் கல்வியமைச்சராக இருந்தவர் க. அன்பழகன். பட்டச் சான்றிதழ் வேலைக்குக்கூட மதுரையை நம்பியிருந்த தென்கோடி மாணவர்களுக்கு அது சிறிய மாற்றமன்று.

1922-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்ற அன்பழகன், 1944 முதல் 1957 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். பேராசிரியர் என்ற பெயரோ அவரோடு இறுதிவரை தங்கிவிட்டது. தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய 1957-இல் எழும்பூரில் வென்ற அவர், 1962-இல் ஆசிரியர் தொகுதி வழியாகச் சட்டமன்ற மேலவைக்குச் சென்றார். மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை, உயர்நிலைப் பள்ளிகளிலும் அவற்றுக்கு மேற்பட்ட கல்வி நிலையங்களிலும் பணியாற்றும் ஆசிரியர்களே வாக்களித்து நிரப்புவதற்கான ஏற்பாடே ஆசிரியர் தொகுதி என்பது. 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதும் தமிழக ஆசிரியர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது.

1967-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குச் சென்று, 1971-இல் மாநில அமைச்சராகி, 1977 முதல் 2020-இல் மறையும்வரை கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த அவருடைய அரசியலில் பதவியை விட்ட தருணங்களே கூடுதலாகப் பேசத்தக்கவை. இலங்கைத் தமிழர் சிக்கலை முன்னிட்டு 1983-இல் மு. கருணாநிதியோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். ஆட்சிமொழி குறித்துப் பேசும் அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பகுதியை இந்தித் திணிப்புக்கு எதிராக எரித்தமைக்காக, 1986 டிசம்பரில், மீண்டும் உறுப்பினராகியிருந்த அவரும் கட்சி உறுப்பினர் சிலரும் பேரவைத் தீர்மானத்தால் பதவி இழந்தனர். அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் நெல்லைச் சீமையின் சேரன்மகாதேவித் தொகுதியைச் சேர்ந்த பி.எச். பாண்டியன். சட்டப்படி உறுதிமொழி எடுத்தவர் அச்சட்டத்தையே எரிக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே; ஆயினும், அதன் விலையை அறிந்தே அவர் அச்செயலில் இறங்கினார் என்பதை மறுக்கவியலாது.

1996-இல் மீண்டும் கல்வித்துறையையும், 2006-இல் நிதித்துறையையும் ஏற்ற அன்பழகன், தம்மைவிட வயதில் இளைய கருணாநிதியின் தலைமையை ஏற்று இரண்டாம் இடத்திலேயே நின்றார். முதல்வர் நாற்காலிக்காக உடைந்த கட்சிகளைப் பார்த்துப் பழகிய தமிழக அரசியலில் இது அரிய செய்தி. சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வி இயக்ககம் அமைந்துள்ள வளாகத்துக்கு, அவருடைய நூற்றாண்டையொட்டி 2022-இல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் எனப் பெயர் சூட்டப்பட்டது.