எதில் எத்தனை வீதம்?

ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுநாள், மாத்தளைப் பட்டினத்துத் தேநீர்க் கடைகளிலும், இரத்தோட்டை, எல்கடுவ மலைச்சரிவுகளின் லயங்களிலும் எங்கு நோக்கினும் எண்களே பேச்சாக இருக்கும். இவருக்கு இத்தனை வீதம், அவருக்கு அத்தனை வீதம் என்று சிறுவரும் ஒப்புவிப்பர். அதே வீட்டில், விளையாட்டுப் போட்டியை எண்ணி விடியற்காலையில் மலைப்பாதையிலே ஓடிப் பழகும் பிள்ளையொன்று இருப்பின், இன்னொரு வகை எண்களும் அங்கே வந்து சேரும். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண். சத்து மாத்திரைப் புட்டியில் ஓர் எண். மாமா கொழும்பிலிருந்து வாங்கிவந்த புரதமாத் தகரப்பேணியில் கொட்டை எழுத்தில் மற்றோர் எண்.

தேர்தலுக்கும் ஓட்டத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு இதுதான்: இரண்டிலும் பெரிதாக அச்சிடப்பட்ட எண் நம் கண்ணைக் கவர்கிறது, அது எதனுடைய பங்கு என்பதோ சிறிய எழுத்தில் மறைந்து கிடக்கிறது. அதைத் தேடிப் படியாதவர் முடிவையும் அறியார், மருந்தையும் அறியார்.

ஒரு தொகை, மூன்று வீதங்கள்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். பதிவு பெற்ற வாக்காளர் 17,140,354 பேர். அவருள் வாக்களித்தோர் 13,619,916 பேர். அவற்றில் 300,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. எஞ்சிய செல்லுபடியான வாக்குகள் 13,319,616. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும், ரணில் விக்கிரமசிங்க 2,299,767 வாக்குகளும் பெற்றனர்.

அநுர குமாரவுக்கு 42.31 வீதம் என்று பத்திரிகைகள் எழுதின. அது செல்லுபடியான வாக்குகளின் வீதம். விருப்பு வாக்குகளும் சேர்ந்தபின் அவர் தொகை 5,740,179 ஆயிற்று, அப்பொழுது 55.89 வீதம் என்று எழுதினர். தொகை ஓர் இலட்சத்துச் சொச்சமே கூடியிருக்க, வீதம் பதின்மூன்றுக்கு மேல் உயர்ந்தது எங்ஙனம்? பங்கிடும் அடித்தளம் மாறிவிட்டது. இரண்டாம் எண்ணிக்கையில் களத்தில் நின்ற இருவரின் வாக்குகள் மாத்திரமே கணக்கில் வந்தன. அவ்விரண்டின் கூட்டுத்தொகை 10,271,081. அதே 5,740,179ஐச் செல்லுபடியான எல்லா வாக்குகளோடும் ஒப்பிட்டால் 43 வீதம். பதிவு பெற்ற வாக்காளர் அனைவரோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 33 வீதம்.

மூன்று வீதங்களும் மெய்யே. ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. ‘நாட்டின் பாதிக்கு மேற்பட்டோர் அவரை வேண்டினர்’ என்பாரும், ‘மூன்றில் ஒருவரே வேண்டினார்’ என்பாரும் ஒரே தாளைப் படித்தவர்தாம். ஒவ்வொருவரும் தமக்கு உகந்த அடித்தளத்தைத் தெரிந்துகொண்டனர்; அவ்வளவே. வாக்களிக்கச் செல்லாதவர் மாத்திரம் 3,520,438 பேர் என்பதையும் அக்கணக்கில் வைத்தல் வேண்டும்.

மாவட்டத்தை வெல்வது என்றால் என்ன?

முடிவுகள் இரவில் ஒவ்வொன்றாக வெளிவரும். தபால் வாக்குகளே பெரும்பாலும் முந்தி வரும். அவை அரசாங்க உத்தியோகத்தர், பாதுகாப்புப் படையினர் போன்றோரின் வாக்குகள்; கொழுந்து பறிப்போரும், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருவோரும் அவற்றில் இல்லை. ஆதலின் தபால் வாக்கைக் கண்டு மாவட்டத்தின் மனத்தை உரைப்பது, சோற்றுப் பானையின் மேற்பருக்கை ஒன்றைக் கண்டு அடிச்சோற்றுக்குத் தீர்ப்புக் கூறுவதை ஒக்கும்.

மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளை, லக்கல, மாத்தளை, இரத்தோட்டை என நான்கு தேர்தல் தொகுதிகள் உள்ளன. ‘மாத்தளையை இவர் வென்றார்’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் ஜனாதிபதித் தேர்தலில் ஒரு மாவட்டத்தை வெல்வதால் எவருக்கும் எதுவும் கிட்டுவதில்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. லக்கல மலைக்கிராமத்து வாக்கும் கொழும்பு மாளிகை வாக்கும் ஒரே நிறையுடையன. 2015ஆம் ஆண்டு மாத்தளை மாவட்டத்தில் மகிந்த ராஜபக்சவே முன்னணியில் நின்றார். நாட்டிலே வென்றவரோ மைத்திரிபால சிறிசேன. அதனால் மாத்தளையில் மைத்திரிபாலவுக்கு இடப்பட்ட வாக்குகள் வீணாயினவா? இல்லை. ஒவ்வொன்றும் நாட்டுத் தொகையிற் சேர்ந்தது.

அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முதல்வராக நின்றவர்க்கே அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் சேர்வர். 2016இல் டொனால்ட் டிரம்ப் மக்கள் வாக்கில் ஏறத்தாழ 29 இலட்சம் பின்தங்கியும் ஜனாதிபதியானது அதனாலேயே. நம் நாட்டு முடிவை அமெரிக்கக் கண்ணாடி கொண்டு பார்த்தலாகாது.

இரண்டும் மூன்றும் எங்கே போயின?

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைக் கடந்தார். 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதமும், 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதமும் பெற்று மயிரிழையிற் கடந்தனர். ஒன்பதாவது தேர்தலாகிய 2024இலேதான் எவரும் பாதியை எட்டவில்லை. முதலிருவர் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களின் சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பம் அவ்விருவரில் ஒருவர்க்கு இருக்கின்றதா என்று வரலாற்றில் முதன்முறையாகத் தேடினர்.

தேடிக் கண்டது என்ன? நீக்கப்பட்டோர் பெற்றிருந்த வாக்குகள் 3,321,666. அவற்றிலிருந்து அநுர குமாரவுக்கு 105,264 விருப்பு வாக்குகளும், சஜித் பிரேமதாசவுக்கு 167,867 விருப்பு வாக்குகளும் சேர்ந்தன. ஆக மொத்தம் 273,131. நூறு சீட்டில் எட்டு மாத்திரமே பேசின. தொண்ணூற்றிரண்டு வாய் திறக்கவில்லை. அவற்றில் இரண்டும் மூன்றும் எழுதப்படவேயில்லை. அல்லது களத்தில் நின்ற இருவரல்லாத வேறொருவர்க்கு எழுதப்பட்டிருந்தன. நிராகரிக்கப்பட்ட சீட்டுகளின் தொகை, கணக்கிற் சேர்ந்த விருப்பு வாக்குகளின் தொகையினும் பெரிது என்பதையும் நோக்குக.

அவை பேசியிருந்தால் முடிவு மாறியிருக்குமோ எனின், எளிதில் மாறியிராது. முதலிருவர்க்கிடையே வேறுபாடு 1,271,880. அந்த முப்பத்து மூன்று இலட்சமும் முழுமையாகப் பேசியிருந்தாலும், நூற்றுக்கு அறுபத்தொன்பதுக்கு மேல் இரண்டாமவர்க்கே சென்றிருந்தாலன்றி நிலை புரண்டிராது. இந்தியாவில் 1969ஆம் ஆண்டு இதை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. வி. வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதிய குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்பங்கள் பெரும்பாலும் ரெட்டிக்கே சென்றன. ஆயினும் முன்னணியிலிருந்த கிரி 420,077க்கு 405,427 என்ற வாக்கு மதிப்பில் வென்றார்.

அந்தக் கிரியே 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியாவின் உயர்ஸ்தானிகராக இருந்தவர். அவர் கொழும்பில் இருந்த காலத்திலேதான், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தோரின் பேரப்பிள்ளைகள், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திலே தலைகளாக எண்ணப்பட்டார்கள்; வாக்காளராக எண்ணப்பட்டாரல்லர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

இத்தனை நெடுங்காலம் காத்துப் பெற்ற சீட்டில் மூன்று குறிகளுக்கு இடமிருக்க, ஒன்றோடு நிறுத்திக்கொள்வது முறையா? 2024இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவையும் ஆதரித்தன. முன்னதன் சொற்கேட்டு வாக்களித்தோரின் வேட்பாளர் நீக்கப்பட்டபோது, இரண்டும் மூன்றும் எழுதாதோர்க்கு இறுதிப் போட்டியிற் குரல் இல்லாமற் போயிற்று. யாருக்கு எழுதுவது என்பது அவரவர் மனம். எழுதலாம் என்பதை அறிந்திருப்பது அனைவர் கடன்.

குழப்பத்திற்கு ஒரு காரணமும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலிலும் ‘விருப்பு வாக்கு’ என்கிறோம். அங்கே கட்சிக்கு வாக்கிட்டு, அக்கட்சியின் வேட்பாளர் மூவர் வரை தெரிகிறோம், மூன்றும் சமம். ஜனாதிபதித் தேர்தலிலோ 1, 2, 3 என்பன வரிசை. முதலாமவர் நீங்கினாலன்றி இரண்டாம் குறியை எவரும் பாரார். ஆகவே இரண்டாம் குறி முதற்குறிக்குத் துரோகமாகி விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஓடும் பிள்ளையின் புட்டி

இனி, வீட்டுத் தட்டிலுள்ள புட்டியைப் பார்ப்போம். ஐயாயிரம் மீற்றர் ஓடப் பழகும் பதினாறு வயதுப் பெண்பிள்ளை, சில வாரங்களாகக் களைப்பென்கிறாள். தாய் கடைக்குச் சென்று இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிறாள். புட்டியில் ‘200 மில்லிகிராம்’ என்றிருக்கிறது. அது பெரும்பாலும் பெரஸ் சல்பேற் என்னும் உப்பின் நிறை. அதனுள் அடங்கிய இரும்போ ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் உப்பின் எண்ணையும், மற்றொன்றில் இரும்பின் எண்ணையும் அச்சிட்டிருப்பர். இரண்டையும் ஒன்றென்று கொண்டு அளவை மாற்றினால், மும்மடங்கு உட்கொள்ளவும் கூடும். மூன்றிலொரு பங்கோடு நின்றுவிடவும் கூடும்.

அதற்கு முன்னர், இரும்பு குறைந்துள்ளதா என்பதை அறிய வேண்டும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் பெண்களிடத்து இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆயினும் இரத்தசோகை அனைத்தும் இரும்புக் குறைவு அன்று. நம் நாட்டிலே தலசீமியாக் கூறு உடையவர் பலர். அவர்க்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே காணும். இரும்போ போதிய அளவு இருக்கலாம். அத்தகையோர் ஆண்டுக்கணக்கில் இரும்பு விழுங்குவது நன்மை செய்யாது, தீங்கும் செய்யலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் பரிசோதனை. ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கூறாது, இரண்டையும் சேர்த்துப் பார்த்து வைத்தியரே கூறுதல் வேண்டும்.

மலைநாட்டிலே நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றுண்டு. சோற்றோடு சோறாகச் சாயத்தண்ணீர் அருந்துவது நம் வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ வைத்துக்கொண்டால் இத்தடை பெரிதும் நீங்கும். உணவோடு தேசிக்காய்ப் புளியோ, கொய்யாவோ, நெல்லியோ சேர்த்தால் இரும்பு நன்கு சுவறும். நெத்தலிக் கருவாடு, ஈரல், பயறு, முருங்கையிலை ஆகியன புட்டியில்லாமலே கிடைப்பன. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்குதல் கூடாது. இரும்பு மாத்திரையைச் சிறு குழந்தைகள் இனிப்பென்று எண்ணித் தின்றால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வைத்தல் இன்றியமையாதது.

தகரப்பேணியின் செய்தி வேறு. 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருட்களைச் சோதித்தனர். 94இல், அதாவது ஏறக்குறைய 15 வீதத்தில், மேலொட்டியில் சொல்லப்படாத ஸ்டிரொயிட் வகைகள் இருந்தன. ‘எனக்குத் தெரியாது’ என்னும் விடை, ஊக்கமருந்துச் சோதனையின் முன் செல்லாது. உடம்பில் இருந்ததற்கு ஓடியவரே பொறுப்பாளி. நம் நாட்டில் இதற்கென 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், அதன்வழி அமைந்த முகவர் நிலையமும் உள. ஒரு பேணி மாவிற்காகப் பல ஆண்டு உழைப்பையும் இழக்கலாமா? நெடுந்தூரம் ஓடுவோர்க்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும். ஐம்பது கிலோப் பிள்ளைக்கு அது 60 முதல் 80 கிராம். முட்டை, மீன், பருப்பு, பயறு, பால் இவற்றால் அதனைச் சேர்த்தல் இயலும், பணமும் மிஞ்சும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

எண்ணெழுதிய தாள் எதுவாயினும், மூன்று வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இவ்வெண் எதனுடைய பங்கு? கணக்கிலிருந்து விடுபட்டோர் யார்? இதனை வேறோர் எண்ணோடு ஒப்பிட வேண்டுமா? முதல் வினா 42ஐயும் 55ஐயும், உப்பையும் இரும்பையும் பிரித்துக் காட்டும். இரண்டாம் வினா வாக்களிக்காத முப்பத்தைந்து இலட்சம் பேரையும், மேலொட்டியில் எழுதப்படாத கலப்பையும் நினைவூட்டும். மூன்றாம் வினா நம்மை வைத்தியரிடமும், முந்திய தேர்தல்களின் ஏடுகளிடமும் அழைத்துச் செல்லும்.

அடுத்த முறை ஜனாதிபதித் தேர்தலுக்கான சீட்டுக் கையில் வருமுன், ஒரு மாலை நேரம் வீட்டிலுள்ள அனைவரும் கூடியிருந்து, வெற்றுக் காகிதத்தில் 1, 2, 3 என்று இட்டுப் பழகிப் பாருங்கள். வயது முதிர்ந்த பாட்டியையும் அழைத்துக்கொள்ளுங்கள். வாக்கில்லாத வீட்டிலே பிறந்தவர் அவர். அந்தக் காகிதத்தை மற்றெவரினும் கவனமாக அவரே பார்ப்பார்.