தெருவை இடித்தார்கள், நினைவை இடிக்க முடியவில்லை

அருங்காட்சியகம் என்றால் மன்னர்களின் வாள், பழைய நாணயம், கற்சிலை என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஒரு சாதாரண முஹல்லாவுக்கு, அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு, தையல் மிஷின் ஓட்டியவருக்கு அருங்காட்சியகம் உண்டா? தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உண்டு. அதன் பெயர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம்.

எப்படிப்பட்ட பகுதி?

1867இல் கேப் டவுன் நகராட்சியின் ஆறாவது வட்டமாக அறிவிக்கப்பட்டதால் அந்தப் பகுதிக்கு இந்தப் பெயர் வந்தது. துறைமுகத்துக்கு அருகில் என்பதால் கூலித் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், சிறு வியாபாரிகள், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் எனப் பலரும் அங்கே குடியேறினர். டச்சுக்காரர்கள் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், நமது சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களுடைய சந்ததியினரில் கணிசமானோர் முஸ்லிம்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இந்துக்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். ஹனோவர் தெருதான் கடைவீதி. சினிமா கொட்டகைக்கு அவர்கள் சொன்ன பெயர் 'பயாஸ்கோப்'. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அதே சொல்!

என்ன நடந்தது?

எந்த இனத்தார் எங்கே வசிக்க வேண்டும் என்பதை அரசே முடிவு செய்யும் சட்டம் 1950இல் வந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர்களுக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுக்குள் 60,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டு, நகருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் என்ற மணல்வெளியில் குடியமர்த்தப்பட்டனர். வீடுகளை புல்டோசர் தரைமட்டமாக்கியது. மிஞ்சியவை பெரும்பாலும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும்தான். தூரத்துக்குப் போன பின்பும் பழைய பள்ளிவாசலுக்கே தொழ வந்தவர்கள் இருந்தார்கள்.

அங்கே வாழ்ந்த நூர் இப்ராஹிம் என்பவர் தமது நூலில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். புதிய வீட்டில் தமது புறாக்களைச் சில மாதங்கள் கூண்டில் வைத்துப் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டார். அவை திரும்பவில்லை. மறுநாள் பழைய தெரு வழியாகப் போனபோது, இடிக்கப்பட்ட தம் வீட்டின் வெறும் மனையில் அத்தனை புறாக்களும் வந்து அமர்ந்திருந்ததைக் கண்டார். பின்னாளில் அவரே அருங்காட்சியகத்தில் வழிகாட்டியானார்.

அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது?

மக்களாட்சி மலர்ந்த 1994ஆம் ஆண்டின் டிசம்பரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் இது திறக்கப்பட்டது. சில வாரக் கண்காட்சியாகத்தான் திட்டமிட்டார்கள். மக்கள் வந்துகொண்டே இருந்ததால் மூட முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் தெருப் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. இடிப்பு வேலையில் இருந்த ஒருவர், குப்பையில் போக வேண்டிய அந்தப் பலகைகளைத் தம்மிடம் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடித் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். ஒரு நீண்ட துணியில் வந்தவர்கள் எழுதும் வரிகளைப் பிறகு நூலால் தைத்து வைக்கிறார்கள்.

கலைக்கும் அங்கே இடமுண்டு. புகைப்படங்கள், பதிவு செய்யப்பட்ட குரல்கள், இசை எல்லாமே அந்த மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. அருகிலுள்ள பழைய ஜவுளிக் கிடங்கு 'வீடு திரும்பும் மையம்' என்ற பொருள்படும் பெயரில் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் கூட்டங்களுக்கும் பயன்படுகிறது.

நினைவு எதற்கு?

பறிக்கப்பட்ட நிலத்தைக் கோர 1994இல் சட்டம் வந்தது. மனு கொடுக்கக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, வாடகைக்குக் குடியிருந்தவர்களும் கோரலாம். ஆனால் வீடும் இல்லை, தெருவும் இல்லை. "நான் இங்கேதான் வாழ்ந்தேன்" என்று எப்படிக் காட்டுவது? பழைய ரசீதும், கடிதமும், பக்கத்து வீட்டார் சாட்சியும் அப்போதுதான் மதிப்புப் பெறுகின்றன. 2004 பிப்ரவரி 11 அன்று முதன்முதலாக வீடு திரும்பிய இரு முதியவர்களின் கையில் நெல்சன் மண்டேலா சாவியைக் கொடுத்தார். இருவரும் 80 வயதைக் கடந்தவர்கள். காத்திருந்தே மவுத்தானவர்கள் எத்தனையோ பேர்.

நாம் செய்யக்கூடியது

நம் முஹல்லாவுக்கு இதெல்லாம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர்களிடம் உட்கார்ந்து, பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, யார் நிலம் வக்ஃப் செய்தார்கள், எந்தத் தெருவுக்கு என்ன பெயர் இருந்தது என்று கேட்டு கைபேசியில் பதிவு செய்யலாம். பழைய படங்களின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதலாம். பத்திரம், ரசீது, கல்யாணப் பத்திரிகை எதையும் எடைக்குப் போடும் முன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு தெரு வரைபடம் ஒன்றை வரையச் சொல்லலாம்.

கட்டடமோ பெரும் செலவோ இதற்குத் தேவையில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.