கடலடியில் கற்ற பாடம்

சென்ற திசம்பர் விடுமுறைக்கு எங்கே போயிருந்தாய் என்று கேட்கும் நண்பர்களுக்கெல்லாம், "கடலுக்கு அடியில்" என்று விடை கூறி வருகிறேன். சிலர் நகைக்கின்றனர், சிலர், "நாங்களும் போகலாமா?" என்று ஆவலோடு கேட்கின்றனர். பின்னவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் ஒக்கலிபுரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவன். சொந்த ஊர் தூத்துக்குடி. பெங்களூருக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் 'ஸ்கூபா' எனப்படும் கருவியோடு நீரில் மூழ்கும் பயிற்சியை இந்நகரிலேயே தொடங்கலாம். முதலில் வகுப்பறைப் பாடமும் நீச்சற்குளப் பயிற்சியும் நடக்கும். அதன்பின் உத்தர கன்னட மாவட்டத்து முருடேசுவரத்துக்குச் சென்று, அங்கிருந்து படகேறி நேத்ராணித் தீவை அடைந்து, கடலில் மூழ்க வேண்டும். 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருந்தால் போதும். நானும் வகுப்புத் தோழர் ஒருவரும் சேர்ந்துகொண்டோம்.

கருவி எளியது. முதுகில் அழுத்தப்பட்ட காற்று நிறைந்த உருளை. வாயில் கவ்விக்கொள்ளும் குழாய். இரண்டுக்கும் இடையே ஓர் அடைப்பான். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், நம்மைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் அது காற்றைத் தரும். பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி குஸ்தோவும், பொறிஞர் கான்யானும் இக்கருவியை 1943இல் உருவாக்கினர்.

குளத்தில் இறங்கிய முதல் நாளே பயிற்சியாளர் ஒரு விதியைச் சொன்னார்: "எது மறந்தாலும் இதை மறவாதீர்கள். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள்."

எனக்கு வியப்பாக இருந்தது. கொற்கை முத்தின் புகழ் கேட்டு வளர்ந்தவன் நான். முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்கி, கல்லின் கனத்தால் அடிமட்டம் சேர்வார். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவரை இழுத்தெடுப்பார். கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! அவர்களுக்கு மூச்சை அடக்குவதே கலை. எனக்கு மட்டும் ஏன் அது ஆகாது?

விடை, நாம் பள்ளியில் படித்த பாயில் விதியில் இருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகும். 20 மீட்டரில் மும்மடங்கு. அழுத்தம் இருமடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். முத்துக் குளிப்பவர் மேலே 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிச் சென்றால், 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். திரும்பும்போது பழைய 6 லிட்டராகும். கேடில்லை. நானோ 10 மீட்டர் ஆழத்திலேயே 6 லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறேன். அதை அடக்கியபடி மேலே வந்தால், அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்குமா? ஓரிரு மீட்டர் ஏறினாலே அது கிழியக்கூடும். ஆகவே, இடைவிடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி: மெல்ல ஏறு. நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் மிகுவதால் அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் புட்டியை எண்ணிப் பாருங்கள். மூடியிருக்கும்வரை குமிழி இல்லை. சட்டெனத் திறந்தால் பொங்குகிறது. விரைந்து மேலேறும் மனிதனின் உடலும் அத்தகையதே. குமிழிகள் மூட்டில் தங்கினால் வலி. முதுகுத் தண்டில் தங்கினால் முடக்கம். ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேனும் அவர் துணைவரும் ஆடுகளை வைத்து இதை ஆராய்ந்து, படிப்படியாக மேலேறும் முறையை 1908இல் வெளியிட்டனர். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வா என்று இன்று கற்பிக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது என் நெஞ்சில் ஏதோ தைத்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நேத்ராணியில் முதல் முழுக்கு. சில அடி இறங்கியதும் காது வலித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் செவிக்குள் அழுத்தம் சமனாகும் என்று கற்றிருந்தேன், அவ்வாறே செய்தேன். வலி நின்றது. கீழே பாறைகளும் பவளமும் மீன் கூட்டமும் தெரிந்தன. நீருக்குள் பொருள்கள் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். சிவப்பு நிறம் முதலில் மறையும். களிப்பு மிகுந்து, "அருமை!" என்று தெரிவிக்கக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பயிற்சியாளர் உடனே என்னை மேலே அழைத்து வந்துவிட்டார்! கடலடி மொழியில் கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று பொருள். நலம் என்பதற்குப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். ஒரு முழுக்கின் பாதி அதனால் வீணாயிற்று.

ஞாயிறு நண்பகலில் கடைசி முழுக்கு முடிந்தது. அன்றிரவே பேருந்து ஏறுவதாக எங்கள் திட்டம். திங்கள் காலை தோழருக்குத் தேர்வு. பயிற்சியாளர் ஒப்பவில்லை. "பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல். மலைப்பாதையில் ஏறுவதும் மேலெழும்புவதுதானே? பல முழுக்குகள் செய்தவர் 18 மணி நேரம் கழித்தே விமானத்தில் ஏறலாம். மலைக்கும் அதையே பின்பற்றுங்கள்" என்றார். தோழர் மன்றாடிப் பார்த்தார், சினந்தும் பார்த்தார். பயன் இல்லை. மறுநாள் காலைதான் புறப்பட்டோம். தேர்வு போயிற்று. பயணம் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

நான் அவரைத் தேற்றவும் முயலவில்லை. என் எண்ணமெல்லாம் தாய்மாமனைச் சுற்றியே இருந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளிப்பது தொடர்ந்தது. என் மாமா சங்கு குளித்தவர். இளமையில் மூச்சடக்கிக் குளித்தார். பின்னர்ப் படகில் கம்ப்ரசரை வைத்து, நீண்ட குழாய் வழியே காற்று வாங்கிக் குளித்தார். நெடுநேரம் கீழே இருக்க முடிந்தது. சங்கும் மிகுதியாகக் கிடைத்தது. மேலேறும் முறையை எவரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் கரை சேர்ந்ததும் கால் மரத்துப்போயிற்று. வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். அழுத்த அறையில் வைத்து உயிர்வளி கொடுத்திருக்க வேண்டிய நோய் அது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. இன்றும் இடக்காலை இழுத்தே நடக்கிறார்.

ஒக்கலிபுரம் வந்து சேர்ந்த இரவே தொலைபேசியில் அவரிடம் எல்லாவற்றையும் கூறினேன். சோடாப் புட்டிக் கதையையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னைக்கு எங்களுக்கு யாரும் சொல்லலியே, மருமகனே" என்றார்.

நண்பர்களே, கடலைக் காணப் போங்கள். முறையாகக் கற்றுப் போங்கள். பயிற்சியாளர் காத்திரு என்றால், தேர்வே போனாலும் காத்திருங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஹால்டேன் கண்ட உண்மை நூறாண்டைக் கடந்தது. பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்கும் எனக்கு அது ஒரு வார இறுதியில் கிடைத்தது. பிழைப்புக்காக நாள்தோறும் இறங்கியவருக்குக் கிடைக்கவில்லை. குழாய்க் காற்றை நம்பிக் குளிப்போர் இன்றும் நம் கடற்கரையில் இருக்கின்றனர்.

மூச்சை அடக்காதே, மெல்ல ஏறு, உடல் மரத்தால் வாதம் என்று வாளாவிராமல் மருத்துவரிடம் மூழ்கியதைச் சொல் என்னும் மூன்றையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். கோடை விடுமுறையில் தூத்துக்குடிக்கு எடுத்துச் செல்வேன். படம் வரையத் தெரிந்த நண்பர்கள் என் அறைக்கு வந்தால் மகிழ்வேன். தேர்வை இழந்த தோழர் முதல் ஆளாக வந்துவிட்டார்.