துறுதுறுப் பிள்ளையும் தின்பண்ட வண்ணமும்

“ஓர் இடத்தில் அமர மாட்டான், சொன்னது காதில் ஏறாது, தொடங்கிய வேலையை முடிக்க மாட்டான்.” தம் பிள்ளையைப் பற்றி இவ்வாறு முறையிடும் பெற்றோர் பலர். குறும்பு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால் இப்போக்கு 12 வயதுக்கு முன்பே தோன்றி, வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் பாதிக்குமாயின், அது கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறாக இருக்கலாம். மருத்துவர்கள் இதனை ஏ.டி.எச்.டி. என்பர். இது தாயின் வளர்ப்புக் குற்றமன்று; மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது; பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

மாத்திரை என்றதும் பெற்றோரின் மனம் அஞ்சுகிறது. ‘உணவினாலேயே சரிசெய்ய இயலாதா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடையைச் சற்று நிதானமாகக் காண்போம்.

1970களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒவ்வாமை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஃபைன்கோல்டு, செயற்கை வண்ணங்களையும் சுவையூட்டிகளையும் நீக்கினால் இக்குழந்தைகள் அமைதியடைவர் என்றார். பின்னர் நடந்த சோதனைகள் அவர் கூறிய அளவுக்குப் பயனைக் காட்டவில்லை. எனினும் அவரது கருத்து முற்றிலும் பொய்யாகிவிடவுமில்லை. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கை வண்ணங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைச் சாதாரணக் குழந்தைகளுக்கே அளித்துப் பார்த்தனர். துடுக்கு ஓரளவு கூடியது. ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவில் அன்று. இதன் பின்னர், 6 வண்ணங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் விதித்தது. அவற்றுள் டார்ட்ரசின் (102), சன்செட் யெல்லோ (110), கார்மோசின் (122), பான்சோ 4ஆர் (124) ஆகிய நான்கும் இந்தியாவில் அளவோடு அனுமதிக்கப்பட்டவை. பொட்டலத்தின் பின்புறம் இந்த எண்களைத் தேடிப் பாருங்கள். பிரியாணிக்கும் ஜர்தாவுக்கும் வண்ணப் பொடி தேவையில்லை; குங்குமப்பூவோ மஞ்சளோ போதும்.

சர்க்கரை மீதும் பழி உண்டு. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹூவர், மிலிச் ஆகியோர், சர்க்கரையே இல்லாத பானத்தைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, தாய்மார்களில் ஒரு சாராரிடம் மட்டும் அதில் சர்க்கரை உள்ளதாகக் கூறினர். அத்தாய்மார்களே தம் மக்கள் அதிகம் துள்ளியதாகக் கருதினர்! சர்க்கரையைக் குறைப்பது பற்களுக்கு நல்லது. இக்கோளாறுக்கு அது மருந்தாகாது.

மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு சிறிதளவு பயன் தருவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மீன் எண்ணெய் மாத்திரையின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கவனித்து வாங்குங்கள். இரும்புச் சத்துக் குறைவும் கவனத்தைக் கெடுக்கும். எனவே இரத்தத்தைச் சோதித்து, குறைவிருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மருந்து கொடுங்கள். அளவு மிஞ்சினால் அது நஞ்சு.

பால், முட்டை, கோதுமை என அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வளரும் குழந்தை மெலிந்துவிடும். ஏதேனும் ஓர் உணவின் மீது ஐயம் எழுந்தால், உணவியல் வல்லுநரின் துணையோடு அதனை மட்டும் சில வாரங்கள் நீக்கி, மீண்டும் கொடுத்துப் பாருங்கள். மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். உணவு மாறியதை அறியாத ஆசிரியரின் கருத்தையும் கேளுங்கள்.

மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால், உணவை நம்பி அதனைத் தாமாக நிறுத்தலாகாது. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பசியை அடக்கும். ஆகவே மாத்திரைக்கு முன் காலை உணவை வயிறார ஊட்டுங்கள்; மருந்தின் வேகம் தணியும் மாலையில் சத்தான உணவு கொடுங்கள். நல்ல உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டியது; இப்பிள்ளைக்கோ அதனுடன் முறையான சிகிச்சையும், ஏசாமல் திருத்தும் பெற்றோரும் வேண்டும்.