‘இது என்ன?’ என்று கேளுங்கள்!

எங்கள் வானியல் சங்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், இன்டர்நெட்டில் பிறர் விவாதிப்பதைப் படிப்பதோடு சரி. கேட்கத் தயக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். அவர்களுக்கு நான் சொல்வது நெதர்லாந்து பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல் கதையை.

2007-ல் ‘கேலக்ஸி ஸூ’ திட்டத்திற்காக, கேலக்ஸி படங்களைக் கம்ப்யூட்டரில் வகை பிரித்துக் கொண்டிருந்தார். ஐசி 2497 என்ற கேலக்ஸிக்கு அருகே ஒரு நீலத் திட்டு. ‘இது என்ன?’ என்று கேட்டுவிட்டார். விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை!

ஆராய்ந்ததில், அந்தக் கேலக்ஸியின் மையம் முன்பு குவாசாராகப் பிரகாசித்தபோது கிளம்பிய ஒளியில் மின்னும் வாயு மேகம் என்று தெரிந்தது. மையமோ மங்கிவிட்டது. 2010-ல் ஹப்பிள் டெலஸ்கோப்பே அதைப் படம் எடுத்தது. பெயர் ‘ஹானியின் வோர்வெர்ப்’. டச்சு மொழியில் வோர்வெர்ப் என்றால் ‘பொருள்’, அவ்வளவுதான்!

நீங்கள் கேட்கும்போது படத்தின் எண்ணையும் டைப் செய்யுங்கள். மற்றவர்கள் தேடிப் பார்க்க அது வேண்டும்.