படம் மங்காமல் வட்டில் ஏற்றுவது எப்படி?

கடந்த ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, 2014-இல் நாங்கள் போட்ட மேடை நாடகத்தின் பதிவு கழக அறையில் இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த நாடகத்திற்கு உருமி வாசித்தவர் அவருடைய அப்பா. இப்போது அவர் இல்லை. அக்காவிடம் இருந்ததெல்லாம், யாரோ அளவைக் குறைத்துக் கைப்பேசியில் அனுப்பிய ஒரு சிறிய கோப்புதான். மேடையின் அரை இருட்டில் அப்பாவின் முகம் அதில் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது.

கழக அலமாரியில் தேடினேன். பழைய வன்தட்டு ஒன்று கிடைத்தது. கேமராவின் நினைவக அட்டையில் இருந்தவற்றை அன்றைய செயலவையினர் அப்படியே அதில் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால், வன்தட்டு ஏற்கனவே 'டிக் டிக்' என்று ஓசை எழுப்பத் தொடங்கியிருந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு வன்தட்டுக்குப் படியெடுத்தேன்.

அக்காவின் வீட்டில் புளூ-ரே ஓட்டி இருக்கிறது. அம்மா பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "இதில் என்ன கடினம்?" என்று எண்ணி, கைக்குக் கிடைத்த ஒரு மாற்று மென்பொருளில் கோப்புகளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடிய விடிய மடிக்கணினி ஓடியது. காலையில் வந்த படத்தில் விளக்கொளி பட்டை பட்டையாகத் தெரிந்தது. உருமி அடிக்கும் கை வெறும் மங்கலாக இருந்தது. அக்காவிடம் இருந்த கோப்புக்கு நேர்ந்ததையே நானும் செய்திருந்தேன். மூலக் கோப்புகளை அழிக்காமல் விட்டது மட்டுமே நான் செய்த நல்ல காரியம்.

பிறகு, பொறியியல் படிக்கும் அண்ணன் ஒருவர் சரியான வழியைக் காட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தாலும், கணினிப் பாடத்தை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் கற்றவன் நான். ஆகவே, அவர் சொன்னதைத் தமிழில் எழுதிப் பார்ப்பது எனக்கும் ஒரு பயிற்சியே.

உறை வேறு, உள்ளிருப்பது வேறு

கடையில் சோறு கட்டி வாங்குகிறோம். வீட்டிற்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போடுகிறோம். சோறு அதே சோறுதான். அதையே மீண்டும் உலையில் போட்டால் என்ன ஆகும்? குழைந்துவிடும்.

காணொளிக் கோப்பும் அப்படித்தான். எம்பி4, எம்கேவி, எம்டிஎஸ் என்பவை உறைகள். உள்ளே படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக இருக்கின்றன. படம் எச்.264 போன்ற ஒரு முறையில் ஏற்கனவே சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கும்போது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்கள் தூக்கி எறியப்படுகின்றன. அவை திரும்பி வருவதில்லை. மாற்று மென்பொருள் அந்தப் படத்தை விரித்து மறுபடி சுருக்குகிறது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகிறது. இருட்டான காட்சிகளே முதலில் அடிபடுகின்றன.

உறையை மட்டும் மாற்றினால் எதுவும் இழக்கப்படாது. பழைய உறையிலிருந்து ஓடைகளை எடுத்து, புளூ-ரே கேட்கும் எம்டூடிஎஸ் உறையில் வைக்க வேண்டும். இந்த உறை ஓடைகளை 192 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் பிரித்து அடுக்குகிறது. படத்தின் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை.

வட்டு எதை ஏற்கும்?

உறையை மாற்றுவதற்கு முன், உள்ளிருப்பது புளூ-ரே விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எல்லா விவரங்களையும் காட்டும். கவனிக்க வேண்டியவை:

படம் எம்பெக்-2, விசி-1, எச்.264 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். எச்.264 என்றால் லெவல் 4.1-ஐத் தாண்டக் கூடாது. படத்தின் வேகம் விநாடிக்கு 40 மெகாபிட்டுக்குள் அடங்க வேண்டும். இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்தும் எச்.265 படத்தைச் சாதாரணப் புளூ-ரே ஏற்காது.

1920க்கு 1080 அளவில் விநாடிக்கு 24 முழுச் சட்டங்கள், அல்லது 50 அல்லது 60 அரைச் சட்டங்கள் இருக்கலாம். முழுச் சட்டங்கள் 50 அல்லது 60 வேண்டுமானால் 1280க்கு 720 அளவுக்கு இறங்க வேண்டும்.

ஒலி டால்பி ஏசி-3, டிடிஎஸ், சுருக்கப்படாத பிசிஎம் போன்றவற்றுள் ஒன்றாக இருக்கலாம். கைப்பேசிகளில் பரவலாக உள்ள ஏ.ஏ.சி ஒலிக்கு இடமில்லை.

படம் பொருந்தி ஒலி மட்டும் பொருந்தவில்லையா? எஃப்எஃப்எம்பெக் கொண்டு படத்தை அப்படியே படியெடுக்கச் சொல்லி, ஒலியை மட்டும் ஏசி-3க்கு மாற்றலாம். ஒலிக்காகப் படத்தைப் பலியிட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்களில் 'லெவல் 5.1' என்று இருப்பதை '4.1' என மாற்றி எழுதும் வசதி உண்டு. அது பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும். உள்ளே இருக்கும் படம் ஓட்டியின் சக்திக்கு மீறியதாக இருந்தால் நடுவில் திக்கும்.

நான் செய்த வேலை

கேமராப் பதிவு ஏவிசிஎச்டி வகை. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிமுகப்படுத்திய இந்த முறை புளூ-ரேயின் அமைப்பைத் தழுவியது. ஆகவே எச்.264 படம், 50 அரைச் சட்டங்கள், ஏசி-3 ஒலி என எல்லாம் பொருந்தின. விநாடிக்கு 17 மெகாபிட் என்று கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்திற்குச் சுமார் 15 ஜிகாபைட். ஓர் அடுக்கு வட்டில் 25 ஜிகாபைட் கொள்ளும் (கணினி இதை 23.3 என்று காட்டும், பயப்பட வேண்டாம்).

அட்டையின் கோப்பமைப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பை அனுமதிக்காததால், நாடகம் நான்கு துண்டுகளாக இருந்தது. அவற்றைத் தனித்தனியாக மாற்றியபோது, துண்டு முடியும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்தது. அதுவும் உருமி உச்சத்திற்கு ஏறும் இடத்தில்! டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டை 'ஆட்' பொத்தானாலும் மற்றவற்றை வரிசையாக 'ஜாயின்' பொத்தானாலும் சேர்த்த பிறகே தாளம் அறுபடாமல் வந்தது. அட்டையில் உள்ள அடைவுகளை முழுமையாக எடுத்து வைப்பது நல்லது; எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற குறிப்பும் அவற்றில்தான் இருக்கிறது.

வெளியீட்டில் 'புளூ-ரே ஐஎஸ்ஓ' என்பதைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்திற்கு ஓர் அத்தியாயக் குறி வைத்தேன். அழகான முகப்புப் பட்டியல் இதில் வராது. வட்டைப் போட்டதும் நாடகம் தொடங்கிவிடும். இரவு முழுவதும் ஓடிய வேலை இப்போது தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. சுருக்குவதற்கு ஒன்றும் இல்லை, எடுத்து அடுக்குவது மட்டுமே. பின்னர் இம்க்பர்ன் மூலம் வட்டில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கவும் வைத்தேன்.

நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த பதிவும் அந்த வன்தட்டில் இருந்தது. அதன் சட்ட வேகம் நிலையாக இல்லை. மீண்டும் சுருக்காமல் அதைப் புளூ-ரே ஆக்க வழியில்லை. ஆகவே, அதை மாற்றாமல் வெறும் கோப்பாகவே தனி வட்டில் எழுதி வைத்தேன்.

இன்றும் வட்டு எதற்கு?

நியாயமான கேள்வி. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யும் புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓட்டிகளும் குறைந்து வருகின்றன. வட்டை மட்டும் நம்பக் கூடாது. ஆனால், ஒருமுறை எழுதும் வட்டின் மேல் யாரும் தவறுதலாக வேறொன்றை எழுதிவிட முடியாது. வன்தட்டில் ஒன்று, வட்டில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என மூன்று படிகள் இருந்தால் நிம்மதி.

அடுத்து வரும் செயலவைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நிகழ்ச்சி முடிந்ததும் சிறிய கோப்பைப் பகிருங்கள்; ஆனால் அட்டையில் உள்ளதை முழுமையாக எடுத்து வைக்காமல் அட்டையை அழிக்காதீர்கள்.

வட்டைக் கொடுத்த மறுநாள் இரவு அக்கா அழைத்தார். "அப்பாவின் விரலில் இருந்த மோதிரம்கூடத் தெரிகிறது, தம்பி" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பின்னால் உருமி ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது.