ரோட்டரி டூல் வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கிய இரண்டாவது கோடையில் எனக்கு ஒரு பிரச்னை வந்தது. ஆவடி அருகே கோவில்பதாகையில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறை, மே மாதத்தில் அடுப்பு போலக் கொதிக்கும். மதியம் கேம் விளையாடினால் பத்தே நிமிடத்தில் சிஸ்டம் தானாக ஆஃப் ஆகிவிடும். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டில் துளை போட்டு இன்னொரு ஃபேன் மாட்டலாம் என்று முடிவு செய்தேன். பி.இ. படித்து, தினமும் சாஃப்ட்வேர் எழுதுபவனுக்கு ஒரு தகட்டை வெட்டத் தெரியாதா என்ன? "100 பிட்களுடன்" என்று அச்சிட்ட பெட்டியைப் பார்த்து மயங்கி, மலிவான ரோட்டரி டூல் ஒன்றை வாங்கி வந்தேன்.

முதல் வெட்டிலேயே கட்டிங் டிஸ்க் உடைந்து தெறித்தது. ஒரு துண்டு என் மூக்குக் கண்ணாடியில் பட்டுக் கீறல் விழுந்தது. கண்ணாடி அணியாதவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரோட்டரி டூல் என்பது என்ன?

கையில் பேனா போலப் பிடித்து வேலை செய்யும் சிறிய மோட்டார் கருவி இது. முனையில் மாட்டும் பிட்டை மாற்றினால் வெட்டலாம், தேய்க்கலாம், பாலிஷ் போடலாம், சிறு துளையும் இடலாம். 1932ல் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் தொடங்கிய நிறுவனம் இதில் மிகவும் பெயர் பெற்றது. 1993 முதல் அது பாஷ் குழுமத்தைச் சேர்ந்தது. இன்று எந்தக் கம்பெனி கருவியையும் பலர் "டிரெமல்" என்றே அழைக்கிறார்கள்.

டிரில்லிங் மெஷின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. இதுவோ வேகத்தால் வேலை செய்கிறது. 38 மி.மீ. டிஸ்க் ஒன்று நிமிடத்திற்கு 30,000 முறை சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. உடையும் துண்டும் அந்த வேகத்தில்தான் வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

என் கருவியை எங்கள் தெருவில் இருக்கும் லேத் வேலை தெரிந்த அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தவர், "தம்பி, பெட்டியில எத்தனை பிட் இருக்குன்னு எண்ணாதீங்க. பிட்டைப் பிடிக்கிற வாய் ஆடுதான்னு பாருங்க" என்றார். என் கருவியில் அது ஆடியது. போதாததற்கு, டிஸ்க்கைச் சாய்த்து அழுத்தியது என் தவறு. அவர் சொன்னதையும் நான் கற்றுக்கொண்டதையும் கீழே தருகிறேன்.

1. காலெட்: பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி இது. 3.2 மி.மீ. தண்டு உள்ள பிட்கள்தான் கடைகளில் அதிகம் கிடைக்கின்றன. அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு பிட்டை மாட்டி ஓடவிடச் சொல்லுங்கள். முனை நேராகச் சுற்ற வேண்டும். இரண்டாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

2. வேகக் கட்டுப்பாடு: இது இல்லாத கருவி வேண்டாம். அதிக வேகத்தில் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி ஒட்டிக்கொள்ளும். உதாரணமாக டிரெமல் 3000 மாடல் 10,000 முதல் 33,000 சுற்று வரையும், 4000 மாடல் 5,000 முதல் 35,000 சுற்று வரையும் ஓடும்.

3. சக்தி: மேற்சொன்ன மாடல்கள் முறையே 130 வாட், 175 வாட். வீட்டு வேலைக்கு 130 வாட் போதுமானது. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் பேனா வடிவக் கருவிகள் பெயர் பொறிக்கவும் லேசாகத் தேய்க்கவும் மட்டுமே உதவும்.

4. உதிரி பாகம்: கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற முடியுமா, காலெட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

5. டிஸ்க்: அதன் மீது குறித்துள்ள அதிகபட்ச வேகம், உங்கள் கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

வெட்டுவதற்கு முன்

வாரண்டி உள்ள கேபினட்டில் கை வைக்காதீர்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து வெட்டுங்கள். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகி போர்டே போய்விடலாம். 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்குரூ துளைகளின் இடைவெளி 105 மி.மீ. டிஸ்க் நேர்கோட்டில்தான் வெட்டும். எனவே வட்டத்தைச் சிறு சிறு நேர்வெட்டுகளாக வெட்டி, பிறகு அரத்தால் பிசிறு நீக்குங்கள். தகட்டை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா கூடாது. பொறி பறக்கும் என்பதால் தின்னர், பெட்ரோல் அருகில் இருக்கக் கூடாது.

ஒரே ஒரு துளைக்காக இதை வாங்க வேண்டாம். லேத் பட்டறையில் கொடுத்தாலே போதும். தலை தேய்ந்த ஸ்குரூவில் புதிய காடி வெட்டுவது, துரு எடுப்பது, பிளாஸ்டிக் மூடியைச் செதுக்குவது என்று அடிக்கடி வேலை இருந்தால் வாங்குங்கள்.

ஆடாத கருவி ஒன்றை வாங்கி, நான் ஃபேனை மாட்டிவிட்டேன். சிஸ்டம் இப்போது மதியத்திலும் ஓடுகிறது. ஆனால் மாட்டும்போதுதான் பார்த்தேன், பிராசசர் ஹீட் சிங்கில் மெத்தை போலத் தூசி! அதைத் துடைத்ததிலேயே பாதிச் சூடு தணிந்திருக்குமோ என்னவோ. நீங்கள் முதலில் பிரஷ் எடுத்துத் தூசியைத் தட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கருவி வாங்கலாம்.